ஜன்னலோரம் வெளுத்த சோளம்: தெளிப்பாளர் நிதானம் அவர்களுக்கு ஓய்வு நாளில் விடைகொடுக்கும் மடல்

முதுகிலே தெளிப்பானும் முகத்திலே முறுவலும் சுமந்தவரே, கோரையின் குலைநடுக்கமே, சாரணைக் களையின் சங்கடமே, மக்காச்சோளத்தின் மனமறிந்த மெய்க்காவலரே, பனி கலையும் முன் பாத்தியில் இறங்கிக் காற்று கண்விழிக்கும் முன் கரையேறி, முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் இந்த ஆய்வுப் பண்ணையின் மண்ணைத் தம் பாதத்தால் அளந்த பண்பாளரே, நிதானம் என்று நாங்கள் அழைக்கத் தொடங்கிய நாளிலிருந்து சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும் விட்டுவைத்த அண்ணலே, வணக்கம்.

இவ்வாறே இன்னும் இரண்டு பக்கம் விளித்துக்கொண்டு போகத் தமிழில் சொல் உண்டு. ஆனால் தங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். முன்பு ஒருமுறை இதே அறையில் தங்களைப் பாராட்டக் கூடியபோது, இரண்டாவது அடைமொழியிலேயே எழுந்து, அதே மாறாத நடையில் வாசல் தாண்டிப் போய்விட்டீர்கள். வாசித்தவர் மிச்ச அடைமொழிகளை எல்லாம் காலி நாற்காலிக்குச் சூட்டி முடித்தார். நாற்காலி அடக்கமாக ஏற்றுக்கொண்டது. ஆகவே இம்முறை, இங்கில்லாத வேறு யாரோ ஒருவரின் கதையைச் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறோம். தாங்களும் வேறு யாரோ போல அமர்ந்து கேட்டருள வேண்டும். கதவைச் சாத்தியிருக்கிறோம், தாழ்ப்பாள் மட்டும் போடவில்லை.

அந்த யாரோ ஒருவர், நிதானம், வந்து சேர்ந்த நாளில் இந்தக் களை ஆய்வுப் பிரிவு வெளியாருக்கு விளங்காத விந்தை உலகமாக இருந்தது. உலகமெல்லாம் களையைப் பிடுங்கி எறிய, இங்கே மட்டும் களையை விதைத்து, நீர் பாய்ச்சி, உரமிட்டு, நோய் வந்தால் மருந்து கொடுத்துப் பிள்ளைபோல் வளர்த்து, நன்றாகத் தளதளவென்று நிற்கும்போது கொல்வார்கள். வந்த முதல் நாள் நிதானம் வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, பிரிவின் விஞ்ஞானியான மேடத்திடம் கேட்டார்.

“மேடம், நாம வளக்கிறது சோளமா, கோரையா?”

“ரெண்டும்தான். உரத்தைப் போட்டா யாரு முதல்ல சாப்பிடுறாங்கன்னு பாக்கணும்.”

“யாரு சாப்பிடுவாங்க?”

“முதல் பந்தியில கோரைதான் உக்காரும். சோளம் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள இலை காலி.”

அந்த முதல் பந்தியைக் கலைப்பதுதான் நிதானத்தின் வேலை. முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு, முகமூடியும் கையுறையும் அணிந்து, களைக்கொல்லியைப் பாத்தி பாத்தியாக அடிக்க வேண்டும். இது கேட்பதற்கு எளிது. ஆனால் தெளிப்பான் முனையிலிருந்து மருந்து எப்போதும் ஒரே அளவில்தான் வரும். நடப்பவர் வேகமாக நடந்தால் மண்ணுக்குக் குறைவாகக் கிடைக்கும், மெதுவாக நடந்தால் அதிகமாகக் கிடைக்கும். குறைந்தால் களை சிரிக்கும். கூடினால் பயிர் அழும். ஆக, ஆய்வுப் பண்ணையின் அறிவு முழுவதும், புத்தகம் முழுவதும், பட்டம் முழுவதும் கடைசியில் ஒரு மனிதரின் இரண்டு கால்களில் வந்து நிற்கிறது.

அந்தக் கால்களின் அருமை பெருமையை என்னவென்று சொல்வது. மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் மாறாத நடை. மழை துரத்தினாலும் மாடு துரத்தினாலும் மாறாத நடை. அலுவலகச் சுவர்க் கடிகாரம் ஒருமுறை நின்றுபோய், அறுவடை வரை யாரும் கவனிக்கவில்லை; நிதானம் எந்தப் பாத்தியில் இருக்கிறார் என்று பார்த்தே எல்லாரும் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள். ஓடுபவரைத் துரத்தவும் நிற்பவரைப் பார்த்துக் குரைக்கவும் பழகிய பண்ணை நாய், இவரை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நாள் குழம்பி, பிறகு வேலையை விட்டுவிட்டு நிழலில் படுத்துக்கொண்டது. வைக்கோல் கொட்டகை தீப்பிடித்த அன்று ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். இவர் தெளிப்பானில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு தம் நடையிலேயே வந்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே சீராக அடித்தார். தீயும் தன் முறை வரும் வரை பொறுமையாகக் காத்திருந்து அணைந்தது.

வீட்டில் மட்டும் இந்தப் புகழ் எடுபடவில்லை. அவரை வளர்த்து ஆளாக்கிய அக்கா, பக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்து மக்காச்சோளம் பயிரிட்டு வந்தார்.

“ஏன்டா, தெருமுனைக் கடைக்கு அனுப்புனா அடுத்த வாரம் வர்ற. உன்னை நம்பி அடுப்பு பத்த வைக்க முடியுமா?”

“ஓடுனா நடை கெட்டுடும்க்கா.”

“நடை கெடட்டும். எனக்குப் பால் கெட்டுப்போகுது.”

இப்படிப்பட்ட நடைக்கு ஒரு பருவத்தில் சோதனை வந்தது.

அந்தப் பருவம் மேடம் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியிருந்தார். சில பாத்திக்கு உரமே கிடையாது, சிலவற்றுக்கு நடுத்தரம், சிலவற்றுக்கு அள்ளிக் கொட்டியதுபோல் அதிகம். எல்லாப் பாத்திக்கும் ஒரே களைக்கொல்லி, ஒரே அளவு. உரம் தின்று கொழுத்த களையும் அதே மருந்தில் சாகுமா, உரம் தின்று செழித்த சோளம் அந்த மருந்தைத் தாங்குமா என்பது கேள்வி. எந்தப் பாத்தி எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். அப்போதுதான் யாருடைய விருப்பு வெறுப்பும் கலக்காது. குலுக்கினார்கள். மூன்று வரிசையிலும் அதிக உரப் பாத்தி கிழக்குக் கோடியிலேயே, மண் பரிசோதனை அறையை ஒட்டியே விழுந்தது. குலுக்கலுக்கும் சில நாள் குறும்பு உண்டு.

அந்த மண் பரிசோதனை அறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலருகே புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண், மண்ணைச் சலித்து, கரைத்து, வடிகட்டி, அளந்து, கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி ஆணிப்பலகையில் கவிழ்த்து வைப்பார். அவரை எல்லாரும் குடுவை என்றே கூப்பிட்டோம். மருந்து அடிப்பது விடியற்காலையில். பனி இறங்கி, கட்டடங்கள் பாதியும் மரங்கள் பாதியும் மட்டுமே மிதக்கும் அந்நேரத்தில், உலகில் வேறு ஓசை கிடையாது; தெளிப்பானின் மெல்லிய சீறலும், அதற்கு அப்பால், தண்ணீரில் கண்ணாடியோடு கண்ணாடி தொடும் சிணுங்கலும்தான். ஜன்னலில் விளக்கு எரியும். கவிழ்த்த குடுவை ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விடியல் உட்கார்ந்திருக்கும். முகமூடிக்குள் இருந்த நிதானத்தின் முகத்தில் என்ன தெரிந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அவருக்கேகூட ஒன்றும் தெரியவில்லை. தாம் எப்போதும் போல் நடப்பதாகத்தான் நினைத்தார். கனவில் நடப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

சில நாள் கழித்துக் கிழக்குக் கோடிச் சோளம் வெளுத்தது. இலை ஒவ்வொன்றும் வெள்ளைத்தாள் போல் ஆனது. களைகளோ சுத்தமாகத் துடைத்தெடுத்தாற்போல் செத்துக் கிடந்தன. மற்றப் பாத்திகளில் சோளம் பச்சை. கோரை மட்டும் ஆங்காங்கே மீண்டும் தலைதூக்கிப் பார்த்தது. வெளுத்தது எல்லாம் அதிக உரப் பாத்தி. மேடம் இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலை முகத்தில் ஒளியோடு வந்தார். உரம் அதிகமானால் மருந்து பயிருக்குள் பாய்ச்சலாக ஏறுகிறது, அதனால்தான் இலை வெளுக்கிறது என்று ஓர் அழகான விளக்கம் பிறந்தது. அதற்குப் படம் வரைந்தார். அம்புக்குறிகள் போட்டார். அந்த அம்புக்குறிகளைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது. இந்த மருந்து அடிக்கும் உழவர்கள் உரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று சிபாரிசு எழுதப்பட்டது. மாதக் கடைசியில் ஆண்டுக் கூட்டம். அங்கே ஏற்றுக்கொண்டால் அச்சிட்டு ஊர் ஊராகக் கொடுப்பார்கள்.

நிதானம் அன்று மாலை கிழக்குக் கோடிக்குப் போய் நின்றார். வெளுப்பு பாத்தி முழுவதும் இல்லை. ஜன்னலுக்கு நேரே நல்ல வெள்ளை; அங்கிருந்து இரு பக்கமும் மெல்ல மெல்ல மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி முடிந்தது. உரம் பாத்தி முழுவதும் ஒரே சீராகப் போட்டது. ஜன்னலைப் பார்த்துப் போட்டதல்ல. அவருக்கு விளங்கிவிட்டது. தம் மனசில் இருப்பது தமக்குத் தெரிவதற்கு முன் சோளத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் அதை வெள்ளையில் எழுதி ஊர் பார்க்க நிற்க வைத்திருக்கிறது.

சொன்னால் தெளிப்பான் போய்விடும். நடை தவறிய தெளிப்பாளரை எந்த ஆய்வில் சேர்ப்பார்கள்? மண்வெட்டியைக் கையில் கொடுத்து வாய்க்காலுக்கு அனுப்புவார்கள். ஏன் தவறியது என்று கேட்பார்கள். ஒரு பெண்ணின் பெயர் பண்ணை முழுவதும் அடிபடும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அம்புக்குறிகள் பார்த்துக்கொள்ளும். அவர் சொல்லாமல் இருந்துவிடத்தான் முடிவு செய்தார். அன்றிரவு சாப்பிடும்போது அக்கா கேட்டார்.

“பண்ணையில ஏதோ புதுசா கண்டுபிடிச்சிருக்காங்களாமே. உரத்தைப் பாதியாக் குறைக்கணுமாம்?”

“யாரு சொன்னா?”

“ஊரே பேசுது. நம்ம நிலத்துக்கும் இந்தத் தடவை பாதி மூட்டை போதும். மேடம் சொன்னா சரியாத்தான இருக்கும்.”

“பாதி போட்டா கதிரு பிடிக்குமாக்கா?”

“அதை நீதான்டா சொல்லணும். நீதான மருந்து அடிச்ச?”

நிதானம் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்தார். மறுநாள் காலை மேடம் சதுரச் சட்டத்தைப் பாத்தியில் போட்டு அதற்குள் முளைத்த களைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நிதானம் போய் எதிரே நின்றார்.

“மேடம், அது உரம் இல்ல.”

“எது?”

“வெளுத்தது. உரத்தால இல்ல. என்னால.”

மேடம் எண்ணிக்கொண்டிருந்த எண்ணை விட்டுவிட்டார். “உங்களாலன்னா?”

“அந்த இடத்துல போகும்போது நடை கொஞ்சம் மெதுவா ஆயிடுது.”

“ஏன்?”

“வெளிச்சம்.”

“வெளிச்சமா? வெளிச்சம் எல்லா எடத்துலயும்தான் இருக்கு.”

நிதானம் தலையைக் குனிந்துகொண்டார். ஜன்னலுக்குள் இருந்து ஒரு குடுவை இன்னொரு குடுவையைத் தொடும் ஓசை வந்தது. மேடம் ஜன்னலைப் பார்த்தார், சோளத்தைப் பார்த்தார், நிதானத்தின் காலைப் பார்த்தார். அவர் கண்ணெதிரே அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஆனாலும் அவர் விஞ்ஞானி. சொன்னார் என்பதற்காக ஒருவரின் காதலை நம்பிவிட மாட்டார்.

“சோதிச்சுப் பாக்காம நான் எதையும் ஒத்துக்க மாட்டேன்” என்றார். “இன்னிக்கு வெறும் தண்ணி. ஜன்னல சாத்தி வச்சு நடங்க. திறந்து வச்சு, யாரும் இல்லாம நடங்க. அப்புறம் அந்தப் பொண்ணு நிக்கும்போது நடங்க. ஒவ்வொண்ணும் மூணு தடவை.”

“மேடம், வேணாம் மேடம்.”

“அது மட்டும் போதாது. ஆளு நிக்கிறதாலயா, அந்த ஆளு நிக்கிறதாலயான்னு தெரியணும். ஸ்டோர்காரரைக் கூப்பிடுங்க. அவரும் நிக்கட்டும்.”

இருப்பு அறையைக் காத்து வந்த ஸ்டோர்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு ஜன்னலில் வந்து நின்று, சொன்னபடியே ஒரு குடுவையைக் கழுவினார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பெண் குடுவைக்கும் தெரியாது. ஆனால் இதில் மேடம் ஒன்றை யோசிக்க மறந்திருந்தார். ஒவ்வொரு நடைக்கும் பின் தெளிப்பானில் மிச்சமிருக்கும் தண்ணீரை அளக்க வேண்டும். பண்ணையிலேயே சரியான அளவு ஜாடி மண் அறையில்தான் உண்டு. அதைக் குடுவை வேறு யார் கையிலும் தரமாட்டார். ஆகவே ஜன்னலில் நின்றவரும் அவரே, அளந்தவரும் அவரே.

வெயில் ஏறும் முன் எல்லாம் முடிந்தது. குடுவை, ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டே மேடத்திடம் வந்து சொன்னார்.

“ஜன்னல் சாத்தியிருந்தப்ப மூணு தடவையும் ஒரே அளவு மேடம். திறந்து யாரும் இல்லாதப்பவும் அதே அளவு. ஸ்டோர் அண்ணன் நின்னப்ப தண்ணி கூடவே மிச்சம்.”

“கூடவா?”

“வேகமா நடந்திருக்காரு.”

“நான் என்ன பேயா?” என்றார் ஸ்டோர்காரர்.

“அப்புறம் நான் நின்னப்ப…” குடுவை நிறுத்தினார். ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “ஜாடியில ஏதோ தப்பு இருக்கும்போல மேடம். பாதிதான் மிச்சம்.”

“ஜாடி உங்க ரூம் ஜாடிதான?”

“ஆமா.”

“அதுல தப்பு வருமா?”

“வராது மேடம்” என்று குடுவை சொல்லி, சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு எட்டியது. காது மடல் சிவந்தது. ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நிதானம் வரப்பில், முகமூடியைக்கூடக் கழற்றாமல், தண்டனைக்குக் காத்திருப்பவர்போல் நின்றார். குடுவை வெளியே வந்தார். அதுவரை நிதானத்தையும் பண்ணையில் எல்லாரையும் கூப்பிடுவதுபோல் அண்ணே என்றுதான் கூப்பிட்டு வந்தார். இப்போது அந்தச் சொல் இல்லாமல் பேச்சு தொடங்கியதை, ஜன்னலில் இன்னும் குடுவை கழுவிக்கொண்டிருந்த ஸ்டோர்காரர் உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டார்.

“இங்க பாருங்க. இது ஒரு பருவத்து முடிவுதான்.”

“ஆமா” என்றார் நிதானம், முகமூடிக்குள்ளிருந்து.

“ஒரு பருவத்து முடிவ வச்சு இங்க யாரும் எதையும் ஒத்துக்க மாட்டாங்க.”

“மாட்டாங்க.”

“அடுத்த பருவமும் பாக்கலாம்.”

ஆண்டுக் கூட்டத்தில் மேடம் எழுந்து, தம் சிபாரிசைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். தெளிப்பு வேகத்தில் ஏற்பட்ட மாறுபாட்டால் பயிர் வெளுத்தது, உரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார். மாறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று ஒருவர் கேட்டபோது, “சுற்றுப்புறச் சூழல்” என்று பதில் சொல்லி உட்கார்ந்தார். அந்தக் கூட்டத்தில் அதைவிடத் துல்லியமான பதில் எதுவும் வரவில்லை என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

திரும்பி வந்ததும் நிதானத்தை அழைத்தார்.

“ஆய்வ மறுபடி போடுறோம். அதே பாத்தி, அதே உரம். நீங்கதான் அடிக்கிறீங்க. இந்தத் தடவையும் அங்க வெளுத்தா, தெளிப்பானை எடுத்து வச்சுட்டு மண்வெட்டியத் தூக்க வேண்டியதுதான்.”

தச்சரை வைத்து ஜன்னலைப் பலகையால் அடைக்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. “வெளிச்சம் இல்லாம நான் எப்படி வடிகட்டுறது?” என்று குடுவை மறுத்துவிட்டார். மறுத்துவிட்டு, “மருந்து அடிக்கிற அன்னிக்கு நான் ஜன்னல்ல நிக்கல” என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையில் நிதானத்தின் பருவம் முழுவதும் கழிந்தது. அடுத்த பருவமும் பார்க்கலாம் என்றவர், பார்க்கவே வரமாட்டேன் என்கிறாரே. அக்காவுக்குப் பால் வாங்கப் போனவர் அந்த மாதம் மட்டும் உடனே திரும்பி வந்துகொண்டிருந்தார். அக்கா பயந்துபோய் உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

அந்தக் காலையும் வந்தது. பனி, முந்திய பருவத்தின் பனியைவிட அடர்த்தி. பாத்தியில் நிற்பவருக்குத் தம் முழங்கால் தெரியாது. மேடம் தொலைவில் ஒரு நிழலாக நின்றார். நிதானம் தெளிப்பானை முதுகில் ஏற்றி ஜன்னலைப் பார்த்தார். விளக்கு எரிந்தது. யாரும் இல்லை. கவிழ்த்த குடுவைகள் மட்டும் வரிசையாக, யாரையோ எதிர்பார்ப்பவைபோல் இருந்தன. அவருக்குக் கால் எழவில்லை. மெதுவாக நடப்பதற்கும் வேகமாக நடப்பதற்கும் பயந்து பழகிய மனிதர், நடக்கவே முடியாமல் போகும் என்று நினைத்ததில்லை.

அப்போது, காற்று வரும் பக்கத்து வரப்பில், பனிக்குள்ளிருந்து முதலில் ஓர் அளவு ஜாடி வந்தது. அதற்குப் பின்னால் குடுவை வந்தார்.

“நீங்க எதுக்கு வந்தீங்க?”

“மிச்சம் அளக்கணும்ல. நடங்க.”

அவர் நடந்தார். வரப்பில் குடுவையும் நடந்தார். பாத்தியில் ஓர் அடி, வரப்பில் ஓர் அடி. முனையிலிருந்து மருந்து மெல்லிய திரையாக இறங்கி, கோரைத் தளிரிலும் சாரணைக் கொடியிலும் சோள இலையிலும் ஒரே சீராகப் படிந்தது. உரம் இல்லாத பாத்தி போயிற்று, நடுத்தரம் போயிற்று, கிழக்குக் கோடி வந்தது. ஜன்னல் வெளிச்சம் பனியில் பால்போலக் கரைந்து இருவர் மேலும் விழுந்தது. பனியிலே பூமி எது, வானம் எது என்று தெரியவில்லை. இருவரும் நடப்பதாகவே தோன்றவில்லை. பாத்திகள்தாம் ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்து பின்னால் போய்க்கொண்டிருந்தன. குடுவை குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மெதுவா ஆகுதா?”

“எதுக்கு ஆகணும்? கூடவேதான வர்றீங்க.”

அந்தப் பருவம் கிழக்குக் கோடியில் ஓர் இலைகூட வெளுக்கவில்லை. உரம் தின்று கொழுத்த களையும் சொன்ன அளவு மருந்தில் செத்தது. உரம் தின்ற சோளம் ஆள் உயரம் தாண்டிக் கதிர் பிடித்தது. பயிருக்கு வேண்டிய உரம், பரிந்துரைத்த அளவு மருந்து, ஒரே சீரான நடை என்று சிபாரிசு அச்சாகி ஊர் ஊராகப் போனது. நிதானத்தின் அக்கா முழு மூட்டை உரம் வாங்கினார். அந்த அறுவடையில் வந்த கதிர்களை வீட்டுக்குள் வைக்க இடமில்லாமல் கூரையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினார் என்று கேள்வி. தூக்கியதை நாங்களும் பார்த்தோம். மூன்றாம் பருவத்துக்கு முன்பே கல்யாணமும் முடிந்தது. இரண்டு பருவத்து முடிவும் ஒத்துப்போனதால் மேற்கொண்டு ஆய்வு தேவைப்படவில்லை.

அண்ணலே, கதை முடிந்தது. இனித் தங்களை விளித்தே ஆக வேண்டும். கதவருகே அமர்ந்திருக்கும் ஸ்டோர்காரர் காவல் புரிவதால் எழ முயல வேண்டாம். முன்வரிசையில், ஓய்வுபெற்று வந்து அமர்ந்திருக்கும் மேடம் அவர்கள் இன்றுவரை எந்தப் பயிற்சி வகுப்பிலும் அம்புக்குறி போடுவதில்லை என்பதையும், கண்ட உண்மையைச் சொல்லத் தம் பெருமையையே பணயம் வைத்த தெளிப்பாளர் ஒருவரை அறிந்ததே தம் பணிக்காலத்தின் பேறு என்று எங்களிடம் சொன்னதையும், அவர் அனுமதியின்றி இங்கே பதிவு செய்கிறோம். தங்கள் கால்கள் சரியாக நடந்ததற்காக நாங்கள் தங்களை மதிக்கிறோம். தவறி நடந்த அன்று, அதைச் சொல்லத் தாங்களே நடந்து போனீர்களே, அதற்காக வணங்குகிறோம்.

நோய் அணுகா உடலும் நரை பொருட்படுத்தா உள்ளமும் பெற்று, பேரப்பிள்ளைகளின் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க மறுத்து, துணைவியாரோடு தாங்கள் நீடு வாழ வேண்டும். நாளைக் காலை முதுகில் சுமை இருக்காது. முனையில் மருந்து இருக்காது. தாங்கள் எங்கே நின்றாலும், எதைப் பார்த்து நின்றாலும், எவ்வளவு நேரம் நின்றாலும், உலகில் எந்த இலையும் வெளுக்கப் போவதில்லை. ஆகவே, ஐயா, நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் தாராளமாக நின்று வாருங்கள்.

அன்பும் வணக்கமும் கொண்டு,
களை ஆய்வுப் பிரிவு, மண் பரிசோதனை அறை, இருப்பு அறைப் பணியாளர்கள் அனைவரும்